செலெம்னோஸைச் சுற்றிப் போன மாப்பிள்ளை

செலெம்னோஸை ஆறு என்று சொல்லக் கொஞ்சம் பெரிய மனசு வேண்டும். கோடையில் எங்கள் வீட்டுக் கோழிகள் அதைத் தாண்டிப்போய் அக்கரையில் முட்டையிட்டுவிட்டு வரும். மலையில் எங்கேயோ பிறந்து, கல்லும் அரளியுமாக இறங்கி வந்து, கொரிந்து வளைகுடாவில் சத்தம் போடாமல் கலந்துவிடும். ஆனால் அதன் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதையைக் கேட்டால் ஏதோ மகா நதி என்று நினைப்பீர்கள்.

செலெம்னோஸ் என்பவன் கடலோரத்தில் ஆடு மேய்த்த பையன். நல்ல அழகன். ஆர்கிரா என்ற கடல்கன்னி தினமும் தண்ணீரை விட்டு எழுந்து அவனிடம் வருவாள். அவன் அழகு வாடியதும் வருவதை நிறுத்திவிட்டாள். பையன் ஏங்கி ஏங்கியே செத்துப்போனான். காதல் தேவதை இரக்கப்பட்டு அவனை ஆறாக மாற்றினாள். ஆறான பிறகும் அவன் அழுகையை விடவில்லை. இது சரிப்பட்டு வராது என்று தேவதை அவனுக்கு மறதியைக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து இந்தத் தண்ணீரில் குளிக்கிற ஆணானாலும் பெண்ணானாலும் தங்கள் காதலை மறந்துவிடுவார்களாம்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். பழைய தேவதைகளையெல்லாம் நம்புவதில்லை. ஆனாலும் நிச்சயம் ஆன நாளிலிருந்து தலையில் கல்யாண முடி, அதாவது பாதிரியார் சூட்டுகிற கிரீடம், ஏறும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது என்பது இரண்டு கரையிலும் வழக்கம். பாலத்தின் மேலே நடக்கலாம், தண்ணீரில் கால் படக்கூடாது. முடி சூடிவிட்டால் போதும், பிறகு ஆற்றின் பருப்பு வேகாது.

என் தம்பி லாம்பிஸுக்கு நிச்சயமாகியிருந்தது. பெண் அக்கரையில், கரிதியா ஊரில். பெயர் தியமாந்தோ. எங்கள் ஊர் ஸ்கினோ, மேற்குக் கரை. எங்கள் அம்மா அப்பா போன பிறகு அவனை வளர்த்தவள் அக்கா ஸ்டமாதா, நான்தான். அதனால் மாப்பிள்ளை வீட்டார் என்றால் அன்றைக்கு நான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் நவம்பர் பாதியில், கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள், ஞாயிறு. நோன்புக்குள் யாருக்கும் முடி சூட்ட மாட்டார்கள். லாம்பிஸ் கப்பலில் வேலை பார்க்கிறவன். அந்த வாரமே அவன் கப்பல் அர்ஜென்டினாவுக்குக் கிளம்புகிறது. போனால் திரும்ப இரண்டு வருடம். அந்த ஞாயிறு தவறினால் இரண்டு வருடம் அவன் கடலில், அவள் கரையில்.

வெள்ளிக்கிழமை பேய் மழை. சனிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் பாலத்தைக் காணோம். கடலோரத்தில் பெரிய பாலம் ஒன்று உண்டு, ஆனால் அங்கே இறங்குகிற பாதை மண் சரிந்து மூடிக்கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வடிந்து முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு யார் வேண்டுமானாலும் போகலாம், வரலாம். மாப்பிள்ளை ஒருவனைத் தவிர.

லாம்பிஸ் மாப்பிள்ளைக் கோலத்தில் முன்னே வர, கிளாரினெட்டும் மேளமுமாக நாங்கள் கரைக்கு வந்து நின்றபோது, அக்கரையில் பெண்ணின் அம்மா பொலிக்ஸேனி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"லாம்பிஸ், அங்கயே நில்லு. ஒரு அடி எடுத்து வெச்சே, கல்யாணம் கிடையாது."

"அத்தே, முழங்கால் தண்ணிதான்."

"முழங்காலுக்கு வந்தது நெஞ்சுக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகும்?"

வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் நான் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். பொலிக்ஸேனியிடம் முடியவில்லை. தியமாந்தோ கைக்குழந்தையாக இருந்தபோது அவள் அப்பா அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ஏறுவதற்கு முதல் நாள் இதே ஆற்றில் ஆசை தீரக் குளித்தார். போனவர் போனவர்தான், ஒரு வரிகூட வரவில்லை. "அவரு நல்லவரு, ஆறு பண்ணின வேலை" என்று பொலிக்ஸேனி சொல்வாள். அந்த மனிதரைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. ஆனால் அவளிடம் நான் வாயைத் திறந்ததில்லை. அவளும் அன்றிலிருந்து அந்தத் தண்ணீரில் விரல்கூட நனைத்ததில்லை. துணிகூடக் கிணற்றடியில்தான் துவைப்பாள். அவர் மறந்தார், தான் மறக்கக்கூடாது என்று ஒரு வைராக்கியம். இப்போது மகளுக்கு வாய்த்தவனும் கப்பலேறுகிறவன். அவள் தடுத்து நிறுத்தியதில் என்ன தப்பு?

முதலில் எங்கள் கோவேறு கழுதைமேல் அவனை ஏற்றினோம். அது தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்புறத்தைத் திருப்பிக்கொண்டது.

"அதுக்கும் எங்கயோ நிச்சயம் ஆகியிருக்கு போல," என்றான் மாப்பிள்ளைத் தோழன் ஸ்டாதிஸ். ரொட்டிக்கடைக்காரன், கதவை அடைத்து நிற்கிற உடம்பு. "விடுங்க, நான் தூக்கிட்டுப் போறேன்."

தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினான். பாதி ஆற்றுக்கு வந்ததும் பாசிக்கல் வழுக்கி ஒரு முழங்கால் ஊன்றிவிட்டான். லாம்பிஸ் பயந்துபோய் அவன் கழுத்திலிருந்து தலைக்கே ஏறிவிட்டான். அக்கரையில் பொலிக்ஸேனி அலறிய அலறலில் மேளக்காரர் குச்சியைக் கீழே போட்டார். ஸ்டாதிஸ் கண் தெரியாமல் தட்டுத் தடுமாறித் திரும்பி வந்தான். தோளில் தூக்குவதற்கும் அத்தோடு தடை விழுந்தது.

பொலிக்ஸேனிக்குப் பக்கத்தில் பாதிரியார் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சூரியன் அந்த மலை முதுகைத் தொட்டா நாள் மாறிடும், எனக்கு நோன்பு ஆரம்பம்," என்று இக்கரைக்குக் கேட்கச் சொன்னார். "அப்புறம் மாப்பிள்ளை பறந்தே வந்தாலும் நான் முடியைத் தொட மாட்டேன்."

அப்போதுதான் எங்கள் தாய்மாமா பாண்டெலிஸுக்கு யோசனை உதித்தது. ஊரில் எந்தப் பேச்சுக்கும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் அவருக்கு.

"ஆத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதானே? சுத்திப் போவோம். ஆறுன்னு இருந்தா அதுக்கு ஒரு தலை இருக்கும்ல. தலைக்கு மேல நடந்து அந்தப் பக்கம் இறங்கிட வேண்டியதுதான்."

"தலை எங்க இருக்கு மாமா?" என்று கேட்டேன்.

"மேல."

"மேலன்னா?"

"ஏண்டி, ஆத்துக்குத் தலை கீழயா இருக்கும்?"

பொலிக்ஸேனி இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "சரி, போங்க. தண்ணி தெறிக்காமப் பார்த்துக்கோங்க."

அவள் பின்னால், வீட்டு மாடி ஜன்னலில் வெள்ளையாக ஒரு உருவம் கையை ஆட்டியது. லாம்பிஸ் தொப்பியைக் கழற்றி ஆட்டினான். ஸ்கினோ முழுவதும் மலையேறக் கிளம்பியது.

நாற்பது வருடம் அந்த ஆற்றங்கரையில் வாழ்ந்தும், பழைய ஆலைக்கு மேலே அது எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆலை வரைக்கும் நல்ல பாதை. அதற்கு மேல் கரை குறுகி, பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஆடு போகிற தடம்தான் மிச்சம். ஓர் இடத்தில் ஆறு பாறைமேலிருந்து விழுந்து சாரல் அடித்தது. கல்யாண விருந்துக்குக் கொண்டுவந்த மேஜை விரிப்பை நாங்கள் பெண்கள் நாலு பேர் தண்ணீர்ப் பக்கமாகப் பிடித்துக்கொள்ள, விரிப்புக்கு இந்தப் பக்கம் லாம்பிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தான்.

"சுல்தான் வீட்டுப் பொண்ணுகூட இவ்வளவு மறைவாப் போனதில்லை," என்றான் ஸ்டாதிஸ்.

"நீ பேசாதே. உன் தலையில அவன் பூட்ஸ் அடையாளம் இன்னும் இருக்கு," என்றேன்.

என் புதுச் செருப்பு கடித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது, ஆனால் எத்தனை நேரம் கோபமாக இருக்க முடியும்? மழை கழுவின மலை. பாறை இடுக்கிலெல்லாம் ரோஸ் நிறத்தில் பூ. காட்டு மரங்களில் சிவப்புச் சிவப்பாகப் பழம் கனிந்து தொங்கியது. ஆளாளுக்குப் பறித்துத் தின்றார்கள். அதிகம் தின்றால் போதை ஏறும் என்பார்கள். மேளக்காரர் அதிகம் தின்றார். கிளாரினெட் பள்ளத்தாக்கு முழுக்க ஒலித்தது. கீழே கரிதியா வரைக்கும் அது கேட்கும், ஜன்னலில் இருக்கிறவள் நாங்கள் வந்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்துகொள்வாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அப்படியே போனால் ஆறு இரண்டாகப் பிரிந்து நின்றது. அதாவது, இரண்டு ஓடைகள் ஒன்றுசேர்கிற இடம். இரண்டும் ஒரே அகலம், இரண்டும் ஒரே கலங்கல். ஒன்று வலப்பக்க மலையிலிருந்து வந்தது, இன்னொன்று இடப்பக்க மலையிலிருந்து. கிளாரினெட் நின்றுபோனது.

"இதுல எது செலெம்னோஸ்?" என்றான் லாம்பிஸ்.

பாண்டெலிஸ் மாமா வலதைக் காட்டினார். ஸ்டாதிஸ் இடதைக் காட்டினான். அவ்வளவுதான், ஊரே இரண்டாகப் பிரிந்தது. வலதுதான் நீளம் என்றார்கள். இல்லை, இடதில்தான் கோடையிலும் தண்ணீர் வற்றாது என்றார்கள். இரண்டின் தலையையும் சுற்றிவிட்டால் வம்பில்லையே என்றாள் ஒருத்தி. வலது ஓடை இறங்கி வருகிற உச்சியைப் பார்த்தோம். அங்கே பனி விழுந்திருந்தது. சூரியனைப் பார்த்தோம். அது நன்றாகவே சாய்ந்திருந்தது.

லாம்பிஸ் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டான். "நான் தாண்டிடறேன் அக்கா. அத்தைகிட்ட யாரும் சொல்ல வேண்டாம்."

"இத்தனை பேர் வாயை யாரு மூடறது?" என்றேன்.

சத்தம் கேட்டு மேலேயிருந்து ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி இறங்கி வந்தாள். என் வயதுதான் இருக்கும். கல்யாண உடையில் காட்டில் நின்று கத்திக்கொண்டிருக்கும் எங்களை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா, இதுல செலெம்னோஸ் எது?" என்று கேட்டார் மாமா.

"யாரு அது?"

"யாரா? ஆறும்மா, ஆறு."

"எனக்குத் தெரியாது. இது நண்டோடை. அது சாம்பலோடை. என் மாமியாரோட மாமியார் காலத்துலேருந்து அதுதான் பேரு."

"அப்போ செலெம்னோஸ் எங்கதான் ஆரம்பிக்குது?"

அவள் இரண்டும் சேர்கிற இடத்தைக் கைத்தடியால் காட்டினாள். "இதுக்குக் கீழே எங்க ஆடு போகாது. அங்க நீங்க என்ன பேர் வேணும்னாலும் வெச்சுக்கோங்க."

மாமாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "கேட்டீங்களா? ஆத்தோட தலை இதோ, நம்ம காலடியில. இதுக்கு மேல ஓடறது வெறும் நண்டோடை, வெறும் சாம்பலோடை. செத்துப்போனவன் கடலோரத்துல ஆடு மேய்ச்சவன். அவனுக்கு இவ்வளவு தூரம் மேல என்ன வேலை? லாம்பிஸ், ரெண்டையும் தனித்தனியாத் தாண்டுடா. ஆத்தை நீ தொட்டதா ஆகாது."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இத்தனை நடந்த பிறகு எனக்கு எதுவும் நியாயமாகப் பட்டிருக்கும். பூட்ஸைக் கழற்ற நேரமில்லை. ஆனால் லாம்பிஸ் நண்டோடையின் ஓரத்தில் நின்று தயங்கினான். என்னை அருகே கூப்பிட்டு மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, ஒருவேளை மறந்துட்டா?"

புயலில் பாய்மரக் கம்பத்தில் ஏறுகிறவன் அவன். கணுக்கால் தண்ணீரைப் பார்த்துப் பயந்து நின்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவனை அந்த நிமிடம் நேசித்ததைப்போல் நான் யாரையும் நேசித்ததில்லை.

"மறந்தா நான் ஞாபகப்படுத்தறேன். போடா."

தியமாந்தோ, தியமாந்தோ என்று முணுமுணுத்துக்கொண்டே நண்டோடையைத் தாண்டினான். சாம்பலோடையிலும் அதே ஜபம். அக்கரை ஏறியதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "அவ இன்னும் நெஞ்சுல இருக்கா அக்கா, அப்படியே இருக்கா." ஆடு மேய்க்கிறவள் தலையில் அடித்துக்கொண்டு, இந்தக் கூத்து எங்கே முடிகிறது என்று பார்க்க எங்களோடு இறங்கிவிட்டாள்.

கிளாரினெட் மறுபடி கிளம்பியது. கீழ்நோக்கிய வழி என்பதால் கால் தானாகவே ஓடியது. கரிதியாவுக்குள் நுழைந்தபோது சூரியனுக்கும் மலைக்கும் நடுவே ஒரு ரொட்டி அகலம்தான் இருந்தது. பொலிக்ஸேனி ஓடிவந்தாள். மாப்பிள்ளையின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. நேரே காலைத்தான் பார்த்தாள்.

"பூட்ஸ் ஏன் நனைஞ்சிருக்கு?"

பாண்டெலிஸ் மாமா முன்னால் வந்து எல்லாவற்றையும் விளக்கினார். நண்டோடை, சாம்பலோடை, பெயர் தொடங்குகிற இடம், ஒன்றையும் விடவில்லை. அவள் கடைசிவரை கேட்டாள்.

"அந்த ரெண்டு ஓடைத் தண்ணியும் கடைசியில எங்க போகுது?"

மாமா வாயைத் திறந்தார். மூடினார். அவருக்குக் கடைசி வார்த்தை கிடைக்காமல் போனதை நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

"அதானே பார்த்தேன்," என்றாள் பொலிக்ஸேனி. "தியமாந்தோவைக் கூப்பிடுங்க. அவளே முடிவு பண்ணட்டும்."

உள்ளே ஓடிய பெண்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். மாடியில் இல்லை, அடுப்படியில் இல்லை, கோயிலில் இல்லை. அப்போது ஆற்றின் அந்தப் பக்கத்திலிருந்து, எங்கள் ஸ்கினோ கரையிலிருந்து, ஒரு குரல் கேட்டது.

"லாம்பிஸ், எங்கடா போய்த் தொலைஞ்சே?"

தியமாந்தோதான். வெள்ளைக் கல்யாண உடை இடுப்பு வரைக்கும் ஈரம். தலையில் வைத்த பூ ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒரு கையில் இரண்டு செருப்பும்.

"நீ அங்க எப்படிப் போனே?" என்று கத்தினாள் அம்மா.

"கொல்லைப்பக்கமா வந்து, நடந்துதான். பாட்டு திடீர்னு நின்னுபோச்சு. எல்லாரும் வெறுத்துப்போய் வீட்டுக்குத் திரும்பிட்டாங்கன்னு நினைச்சேன். அவனால வர முடியலைன்னா நானே போய்க் கூட்டிட்டு வரலாம்னு இறங்கிட்டேன். அங்க போனா ஊர்ல ஒரு ஈ காக்கா இல்லை. ஸ்டமாதா அக்கா வீட்டுக் கோழிங்க மட்டும் இருந்துது."

"தண்ணியில இறங்கினியாடி? அவனை ஞாபகம் இருக்கா உனக்கு?"

"என்னைக் காலையிலேருந்து காக்க வெச்ச கழுதை. எப்படிம்மா மறக்கும்?"

இரண்டு கரையிலும் சிரிப்பு வெடித்தது. லாம்பிஸ் மட்டும் சிரிக்கவில்லை. பைத்தியம் பிடித்தவன்போல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதிரியார் மலையைக் காட்டினார்.

"சீக்கிரம் வா பொண்ணே."

"இறங்காதே," என்றாள் பொலிக்ஸேனி. "ஒரு தடவை தப்பிச்சுட்டே. ரெண்டாவது தடவை அது விடாது. இறங்காதேடி."

"அப்போ என்ன பண்றது? சாமியை இங்க அனுப்பறியா? இல்லே, நீ வந்து என்னைத் தூக்கிட்டுப் போறியா?"

அது கோபத்தில் வந்த பேச்சு. ஆனால் பொலிக்ஸேனி தண்ணீரைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள், என் தம்பியைப் பார்த்தாள். செருப்பை உதறினாள். கறுப்புப் பாவாடையை வாரிச் செருகிக்கொண்டு, இருபது வருடத்துக்கு மேலாக விரல் நனைக்காத தண்ணீரில் கால் வைத்தாள்.

கிளாரினெட்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவள் குனியாமல் நிமிர்ந்து நடந்தாள். அக்கரை ஏறி, முதுகைக் காட்டி நின்றாள். தியமாந்தோ அழுதுகொண்டே முதுகில் ஏறிக்கொண்டாள். மகள் அம்மாவைவிட ஒரு பிடி உயரம். கால்கள் தொங்கின. "மடக்குடி, மடக்கு" என்று திட்டிக்கொண்டே அவள் திரும்பி வந்தாள்.

நட்ட நடுவில், ஸ்டாதிஸை வழுக்கிவிட்ட அதே பாசிக்கல் அவளையும் வழுக்கியது. இரண்டு பேரும் தொப்பென்று தண்ணீரில் உட்கார்ந்தார்கள். கழுத்து வரைக்கும் நனைந்துவிட்டது.

போச்சு என்று நான் நினைத்தேன். பொலிக்ஸேனி தண்ணீருக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆறு அவள் கறுப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடியது. பிறகு அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பதறிப்போனேன். அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, சின்னப் பெண்போலச் சிரித்தாள்.

"ஐயோ, என்ன சில்லுனு இருக்கு," என்றாள்.

லாம்பிஸ் ஒரே ஓட்டமாக ஆற்றில் பாய்ந்தான். ஒரு கையில் மாமியாரையும் மறு கையில் பெண்ணையும் பிடித்துத் தூக்கினான். "நான் யாரு சொல்லு?" என்று தியமாந்தோவைக் கேட்டான். "முதல்ல கரைக்கு வா, சொல்றேன்," என்றாள் அவள். பாதிரியார் அதற்குள் தண்ணீர் ஓரத்துக்கே முடிகளைக் கொண்டுவந்துவிட்டார். கோயில் வரைக்கும் போக நேரமில்லை, ஆண்டவர் எல்லா இடத்திலும்தான் இருக்கிறார் என்று அவரே சொல்லிக்கொண்டார். சொட்டச் சொட்ட நின்ற இரண்டு தலையிலும் முடி ஏறியபோது, சூரியன் மலையைத் தொட்டுவிட்டதா இல்லையா என்று நான் கேட்கவில்லை. பாதிரியார் மலைக்கு முதுகைக் காட்டித்தான் நின்றுகொண்டிருந்தார்.

விருந்தில் பொலிக்ஸேனிதான் முதல் ஆட்டம் ஆடினாள். துணி மாற்றச் சொன்னோம், கேட்கவில்லை. ஈரப் பாவாடை சுழன்று எங்கள் எல்லோர் மேலும் தண்ணீர் தெறித்தது. ஆட்டம் முடிந்து, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு துண்டு ரொட்டியை எடுத்துக் கடித்தாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? அவளுக்கு ஒயினை ஊற்றிவிட்டுச் சொன்னேன்:

"சம்பந்தி, இன்னிக்கு அவரு இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு."

பொலிக்ஸேனி மென்றுகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எவரு?" என்றாள்.

அவள் கண்ணில் குறும்பு இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் பிடிபடவில்லை. டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திரு ஸ்டமாதா. அடுத்த பாட்டு ஆரம்பிச்சாச்சு."